துறைமுகமும் ஊரும்: தூத்துக்குடி தரும் விடை

கப்பல்கள் வந்து செல்வதனாலேயே ஒரு துறைமுக நகரம் வளம் பெற்றுவிடுமா? தூத்துக்குடியின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெல்லைச் சீமைப் பருத்தி இத்துறை வழியே அயல்நாடுகளுக்குச் சென்றது. ஆனால், கொழும்புக்குச் சென்ற கப்பல் பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியுடையது; கோரல் பஞ்சாலை ஹார்வி சகோதரருடையது. உழைப்பு உள்ளூரது, ஆதாயம் வெளியாருடையது.

இந்நிலையை மாற்றவே 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அவரைக் 'கப்பலோட்டிய தமிழர்' என்று போற்றும் நாம், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்று கூலி உயர்வு பெற்றுத் தந்தவரும் அவரே என்பதை நினைப்பதில்லை. கப்பலின் உரிமையும் உழைப்பவரின் கூலியும் அவருக்கு ஒரே போராட்டமாயின. அவ்வாண்டே அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. 1990களின் இறுதியில் சிங்கப்பூர் நிறுவனம் பங்குகொண்ட சரக்குப் பெட்டக முனையமும் அமைந்தது. பெட்டகங்கள் பலவும் கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாறியே மேலைநாடுகளை அடைந்துவந்தன. 2011இல் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைப் பெற்றது.

பெயர் சூட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. உலக வணிகம் கடந்து செல்லும் கரையில், உப்பளத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் அதன் பயனில் பங்கு எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். கப்பலைப் பாடிய கவிஞர்காள், கூலியையும் பாடுங்கள்!