தாயகம் திரும்பியோரும் முதுமையில் வாய்த்த புதுநாடும்
ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று நிகழ்வுகளுக்கு வழங்கும் பெயர்கள் சிலவேளை அவற்றின் உண்மையை மறைத்துவிடுவதுண்டு. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையின் தோட்டப்புறங்களிலிருந்து தமிழ்நாட்டிற்கு அனுப்பப்பட்ட மக்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். திரும்புதல் என்னுஞ் சொல் முன்னர் இருந்த இடத்திற்கு மீண்டு செல்வதையே குறிக்கும். ஆயின் அவ்வாறு சென்றோருட் பெரும்பாலோர் இலங்கையிற் பிறந்தவர்கள். தமிழ்நாட்டை அதற்குமுன் ஒருமுறையேனும் கண்டிராதவர்கள். அவர்களுள் ஐம்பது வயதைக் கடந்திருந்தோர்க்கு அப்பயணம், உழைக்கும் பருவம் முடியுந் தறுவாயில் முற்றிலும் புதியதொரு நாட்டிற் குடியேறும் பயணமாகவே அமைந்தது. அம்முதியோர் புதிய நாட்டில் எவ்வாறு காலூன்றினர், எங்குக் காலூன்ற முடியாது போயினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தத்தின் பின்னணி

தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு வந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கியது. கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்றபோது வேலை ஆண்டு முழுவதற்கும் உரியதாயிற்று. பருவத்திற்கு வந்து மீண்டோர் குடும்பமாக நிலைகொண்டனர். 1928 ஆம் ஆண்டிலேயே டொனமூர் ஆணைக்குழு, இவர்களுள் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரையிலானோர் இலங்கையில் நிரந்தரமாக வாழ்வோர் எனக் கருதியது. 1939 இல் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்ததும் புதியோர் வருகை பெரிதும் நின்றது. எனவே 1964 இல் இருபத்தைந்து வயதிற்குட்பட்டிருந்த ஒருவர் இந்நாட்டிற் பிறந்தவராகவே இருந்திருப்பார் எனக் கொள்வதிற் பெருந்தவறில்லை.

ஆயினும் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான ஒப்பந்தம், நாடற்றோரின் தொகையை 975,000 எனக் கணித்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்குமென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974 இல் முடிவாயிற்று. இப்பங்கீட்டின்போது அம்மக்களின் கருத்தோ அவர்தம் தொழிற்சங்கத் தலைவர்களின் கருத்தோ கேட்கப்படவில்லை.

1968 க்கும் 1970 க்கும் இடையில் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது மக்களின் விருப்பம் ஓரளவு வெளிப்பட்டது. மூன்று இலட்சம் இடங்களையே கொண்டிருந்த இலங்கைக் குடியுரிமைக்கு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஐந்தேகால் இலட்சம் இடங்களைக் கொண்டிருந்த இந்தியக் குடியுரிமைக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரே விண்ணப்பித்தனர். ‘தாயகம்’ எதுவென்ற வினாவிற்கு மக்கள் அளித்த விடையை இவ்வெண்களே உணர்த்தி நிற்கின்றன.

ஐம்பத்தைந்து வயது

ஒப்பந்தத்தின் வாசகங்களுள் முதியோர் நிலையை உணர்த்தும் பிரிவொன்று ஈண்டு நோக்கற்பாலது. இந்தியா செல்லவேண்டியோர், தாம் அனுப்பப்படும் நாள்வரை, அல்லது 55 வயதை எய்தும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, தம் தொழிலிற் தொடரலாம் என்பது அதன் சாரமாகும். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட தம் சொத்துக்களை அவர்கள் உடன்கொண்டு செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவிற்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் ஒப்பந்தம் கூறிற்று.

இது தொழிலாளருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பாகத் தோன்றலாம். நடைமுறையிலோ, முதுமையை எய்திய தொழிலாளி இந்நாட்டில் உழைக்கும் உரிமையை இழந்தவராய்ப் பிறநாட்டில் வாழ்வைத் தொடங்க வேண்டியவரானார். அவரது உழைப்பின் பயன் இங்கே தேயிலையாக ஏற்றுமதியாயிற்று. அவர் தளர்ந்த காலத்தில் அவரைத் தாங்கும் பொறுப்பு அப்பால் ஒதுக்கப்பட்டது. அப்பொறுப்பை ஏற்ற நாட்டிற்கும் அவரது உழைப்பால் யாதொரு கடனும் இருந்ததில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையே அகப்பட்ட முதியவரின் நிலையே ஒப்பந்தத்தின் மிகப்பெரிய மனிதச் சிக்கல் எனலாம்.

பிரிவும் பயணமும்

புறப்பாட்டிற்கு உந்துதலாயமைந்தவை பல. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பீடித்த உணவுப் பஞ்சமும் காணிச் சீர்திருத்தத்தின்போது ஏற்பட்ட நிலைகுலைவும் 1977 இன் வன்செயல்களும், இங்கேயே இருக்க எண்ணியோரையும் புறப்படச் செய்தன. விண்ணப்பங்கள் தனித்தனியே ஆராயப்பட்டமையால், பெற்றோர் இந்தியப் பிரசைகளாகவும் மணமுடித்த மகனோ மகளோ இலங்கைப் பிரசையாகவும் ஆகிய குடும்பங்கள் பலவாயின. முதியோரைப் பொறுத்தவரை இது பேரிழப்பாகும். தோட்டத்து லயத்தில் ஒருவரது முதுமைக்குரிய பாதுகாப்பு, அடுத்த காம்பராவில் வாழும் மகனதும் மருமகளதும் உழைப்பிலேயே தங்கியிருந்தது. அப்பாதுகாப்பே கடவுச்சீட்டால் இரண்டாயிற்று.

கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகரகத்தின் குடும்ப அட்டையைப் பெற்று, தகரப்பெட்டியும் மூட்டையுமாக மலைநாட்டு நிலையங்களில் ஏறியோரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல் அவர்களை இராமேஸ்வரத்திற்குக் கொண்டுசென்றது. அவர்தம் முன்னோர் கப்பலேறிய தனுஷ்கோடித் துறையோ, ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதங்கள் நிறைவதற்குள், 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்துபோயிருந்தது.

இராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் முகாம் பிறிதொரு வகையிற் கருதத்தக்கது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், தொற்றுநோய்த் தடுப்பின் பொருட்டுப் பல நாள்கள் தடுத்துவைக்கப்பட்ட முகாம் அதுவே. அதே முகாம் பின்னர்த் திரும்பிவந்தோரின் இடைத்தங்கல் முகாமாயிற்று. சிறுபிராயத்திற் பெற்றோரின் கைபிடித்து அதனூடாக இலங்கை வந்த ஒருவர், முதுமையில் அதனூடாகவே மீண்டிருத்தல் கூடும். அத்தகையோர்க்கேனும் ‘திரும்புதல்’ என்னுஞ் சொல் பொருந்துமெனின், அவர் திரும்பிய ஊரில் அவரை அறிந்தார் எவரும் இருக்கவில்லை.

சமவெளியிற் குடியேற்றம்

இந்திய அரசாங்கமும் தமிழ்நாட்டரசும் மறுவாழ்வின் பொருட்டுப் பல திட்டங்களை வகுத்தன என்பது மறுக்கற்பாலதன்று. வணிகக் கடன், நூற்பாலை வேலை, வேளாண்மைக் குடியேற்றம், தோட்ட வேலை என்பன அவற்றுட் சில. 1969 இல் தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கியொன்றும் நிறுவப்பட்டது. இன்று ரெப்கோ வங்கி என வழங்குவது அதுவே.

இவற்றுள் மிகப் பெருந்தொகையானோர்க்கு வழங்கப்பட்ட வணிகக் கடன் திட்டமே மிகுதியுந் தோல்விகண்டது. அதன் காரணம் தொழிலாளரின் திறமைக் குறைவன்று. கொழுந்தெடுத்தலும் கவ்வாத்து வெட்டுதலும் நுண்ணிய பயிற்சியை வேண்டுந் தொழில்கள். ஆனால் அத்திறன்களுக்குத் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ சேலத்திலோ யாதொரு பயனுமில்லை. காலைப் பெரட்டில் பெயர் பதியப்பெற்று, நாட்கூலியும் தோட்டம் வழங்கும் அரிசியும் பெற்று வாழ்ந்தவர், கடை வைத்துக் கடன் கொடுத்து வாங்கும் வாழ்வை ஐம்பத்தைந்தாவது வயதிற் கற்கவேண்டியவரானார். மலைக்குளிரிற் பழகிய உடல் சமவெளியின் வெம்மையைத் தாங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் ஆணுக்கு நிகராக உழைத்த பெண்ணுக்குச் சிற்றூரில் நிலையான வேலை கிடைப்பது அரிதாயிற்று.

முன்னோரின் ஊரைத் தேடிச்சென்றோர் நிலையும் இதனின் வேறன்று. இரண்டு மூன்று தலைமுறைக்குமுன் பிரிந்த உறவினர், நிலத்திற் பங்கு கோர வந்தவராகவே இவர்களை நோக்குதல் இயல்பு. இலங்கையில் ‘இந்தியர்’ எனவும் ‘கள்ளத்தோணி’ எனவும் இகழப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இங்கே அயலவராக்கிய பிறப்பு அங்கும் அவர்களை உள்ளூராராக்கவில்லை.

மொழியால் ஒன்றாதல் என்னும் எண்ணமும் எல்லோர்க்கும் கைகூடவில்லை. கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலிலும் அமைந்த றப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர் மலையாளமும் கன்னடமும் பிறமொழிகளும் வழங்கும் நிலங்களிற் குடியமர்ந்தனர். தமிழ் வழங்கும் மலைநாட்டு லயங்களை விட்டுச்சென்று, தமிழ் வழங்காத மண்ணைத் ‘தாயகம்’ எனக் கொள்ளவேண்டிய முரண்பாடு இதுவாகும்.

மீண்டும் மலைக்கு

சமவெளியில் வாழ்விழந்தோர் பலர் நாளடைவில் தாமாகவே மலைகளை நாடிச் சென்றனர் என்பது இவ்வரலாற்றின் முக்கியமான கூறாகும். நீலகிரியிற் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகள் அவர்களை ஈர்த்தன. தேயிலைச் செடியும் குளிரும் வேலை ஒழுங்கும் அவர்கள் அறிந்தவை. தமிழ்நாட்டரசு 1968 இல் இம்மக்களின் மறுவாழ்வுக்கெனத் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1970 களின் நடுப்பகுதியிற் ‘டான்டீ’ எனச் சுருக்கமாக வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நீலகிரியிலும் ஆனைமலைப் பகுதியிலும் அதன் தோட்டங்கள் அமைந்தன. காட்டைத் திருத்திக் கன்று நட்டு அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் இலங்கைத் தோட்டங்களிற் பயின்ற கரங்களை உடையவர்களே.

முதியோர் ஓரளவேனும் காலூன்றியது இங்கேயேயாம். அயல்வீட்டாரும் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்தவராயிருந்தமையாற் பேச்சு வழக்கும் உறவுமுறையும் நல்லது கெட்டதுகளில் ஒன்றுகூடும் வழக்கமும் புதிய இடத்திலும் தொடர்ந்தன. அவர்களது பட்டறிவிற்கு மதிப்பிருந்தது. கவ்வாத்தின் பருவத்தையும் கொழுந்தின் தரத்தையும் இளையோர்க்குக் காட்டிக்கொடுக்கும் முதியவர், சமவெளியிற் சுமையாகக் கருதப்பட்டவர், மலையில் மீண்டும் பயனுள்ளவரானார்.

எனினும் மலைக்குச் சென்றோர் எல்லோரும் இந்நிலையை எய்தினாரல்லர். கொடைக்கானல் மலைகளில் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் பெற்று மரப்பட்டை உரிக்கும் வேலையில் ஈடுபட்ட குடும்பங்கள் கொத்தடிமைகளாயின. 1980 களில் இந்நிலை வெளியுலகிற்குத் தெரியவந்தது. கங்காணியின் கடனிற் பிணிக்கப்பட்டுக் கடல்கடந்தோரின் வழித்தோன்றல்கள், நூற்றாண்டு கடந்து பிறிதொரு மலையில் அதே பிணிப்புக்குள் அகப்பட்டமை நெஞ்சை உறுத்துவதாகும்.

முடிவுரை

ஒப்பந்தத்தின் செயற்பாட்டுக் காலம் 1981 ஒக்டோபரில் முடிந்தது. 1984 இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றபோது, பிள்ளைப்பேற்றாற் பெருகியோரையுஞ் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா சென்றிருந்தனர். இந்தியக் குடியுரிமை பெற்றும் செல்லாது எஞ்சியோர் எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோராவர். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோர்க்கு இலங்கைக் குடியுரிமைக்கு வழிசெய்தன. பிந்திய சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் தகுதியுடையோராக்கியது. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாளே உரிமைக்கான எல்லைநாளாயிற்று. ஆயின் கப்பலேறிச் சென்ற முதியோர்க்கு அது காலங்கடந்த நீதியாகும்.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். முதுமையிற் புதுநாட்டிற் குடியேறும் ஒருவரை அந்நாட்டோடு பிணைப்பது முன்னோரின் மண்ணென்ற எண்ணம் அன்று. குருதி உறவும் மொழியும் மட்டுமே அதற்குப் போதியனவல்ல. அறிந்த தொழிலும், உடன்வந்த அயலாரும், தன் பட்டறிவிற்குக் கிடைக்கும் மதிப்புமே அப்பிணைப்பை உண்டாக்குகின்றன. இவை வாய்த்த இடத்தில் நீலகிரியும் ஊராயிற்று. வாய்க்காத இடத்திற் பாட்டனின் ஊரும் அயலூராயிற்று.

வாய்த்த இடத்திலும் அது நிலையாகவில்லை என்பதும் கூறத்தக்கது. டான்டீ தோட்டங்களில் வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வுபெற்றோர் அதனை விட்டு நீங்கவேண்டியவர்கள். 2022 இல் அக்கழகத்தின் நிலத்தில் 2,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட பகுதியை வனத்துறையிடம் மீளக் கையளிக்கத் தமிழ்நாட்டரசு முடிவுசெய்தபோது இவ்வச்சம் மேலும் வலுத்தது. இளமையிற் கப்பலேறிச் சென்றோர் இன்று தம் பெற்றோர் சென்ற வயதை எய்தியுள்ளனர். உழைப்பு முடிந்ததும் உறைவிடமும் முடியும் என்ற தோட்ட விதி, 55 வயதென ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அதே விதி, அவர்களையும் தொடர்கின்றது. அவர்களை இரு நாடுகளும் எண்களாகவே பகிர்ந்துகொண்டன. அவ்வெண்களுள் ஒவ்வொன்றும் ஒரு முதுமையையுங் கொண்டிருந்தது என்பதை வரலாறு மறத்தலாகாது.