ஏழு கன்னியர் மலையும் பறக்காத விமானமும்

 

டிசம்பர் வந்தாலே நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் பார்க்கும்போது நம் மனம் கனக்கும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணி கடந்த வேளையில், ஏழு கன்னியர் மலையில் ஒரு விமானம் மோதியது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான டிசி-8 விமானம் அது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்கவில் தரித்து ஜித்தா போகவிருந்தது. யாத்திரிகர்கள் 182 பேரும் ஊழியர்கள் 9 பேரும் மரணமானார்கள். 191 உயிர்கள். இலங்கையில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து இன்றுவரை இதுதான். அதன் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இதைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இவ்வளவு பெரிய மலை விமானிக்கு எப்படித் தெரியாமல் போனது?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்தப் பதிவு எழுத நேர்ந்தது.

விமானம் மோதிய இடம் கட்டுநாயக்கவுக்குக் கிழக்கே சுமார் 40 கடல் மைல் தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து 4,355 அடி உயரத்தில் இருக்கிறது. விமானநிலையத்தை நெருங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பித் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. டொப்ளர் கருவி, நாம் காலடியை எண்ணித் தூரத்தைக் கணக்கிடுவது போன்றது. ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை இருந்தால், நெடுந்தூரம் போன பிறகு அது பெரும் பிழையாகி நிற்கும். கீழே இருட்டு. என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் மனதில் இருந்த வரைபடம் பிழைத்துவிட்டது.

இந்தப் பிழையை உயிர்போகாமல் செய்து பார்த்துத் திருந்துவதற்கு ஓர் இடம் உண்டு. அதுதான் சிமுலேட்டர். அங்கே பாடம் சொல்பவர்தான் சிமுலேட்டர் பயிற்றுநர். அவர்களின் தொழில் பெருமளவில் வளர்ந்தது இராணுவ விமானிகளின் மரணங்களுக்குப் பிறகே.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஓகன், பியானோ செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஓகனுக்குக் காற்றூதும் துருத்திகளை எடுத்து, 1920களின் இறுதியில் மகன் ஒரு சிறு விமானப் பெட்டியைச் செய்தார். உள்ளே இருப்பவர் கம்பை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும், குலுங்கும். முதலில் அதைப் பலர் களியாட்டப் பொருளாகத்தான் பார்த்தார்கள்.

1934 பெப்ரவரியில் அமெரிக்காவில் தபால்களை வானில் கொண்டுபோகும் வேலை இராணுவ விமானப் பிரிவிடம் திடீரென ஒப்படைக்கப்பட்டது. கடும் குளிர், பனிமூட்டம், இருட்டு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத இளம் விமானிகள். சில மாதங்களுக்குள் 66 பெரிய விபத்துகள் நடந்தன. 13 பேர் இறந்தார்கள். அப்போது இராணுவ அதிகாரிகளைச் சந்திக்க, மூடுபனிக்குள்ளேயே கருவிகளைப் பார்த்துப் பறந்து வந்து இறங்கினார் லிங்க். அதே ஆண்டு இராணுவம் ஆறு இயந்திரங்களை, ஒன்று 3,500 டொலர் வீதம் வாங்கியது.

மூடுபனி பற்றி வட்டவளைக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் தரையில் பனி வந்தால் நாம் நின்றுவிடலாம்; பஸ்ஸும் மெதுவாக ஊரலாம். வானில் நிற்க முடியாது. முகிலுக்குள் போனால் நம் காதுக்குள் சமநிலையைச் சொல்லும் உறுப்பே பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது நேராகப் போவதாகத் தோன்றும். உடம்பு சொல்வதை விட்டுக் கருவி சொல்வதைக் கேட்பதற்குப் பழக வேண்டும். அந்தக் கருவியும் பிழைக்கலாம் என்பதால், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் பழக வேண்டும்.

இதைத்தான் அந்தப் பயிற்றுநர் கற்றுக்கொடுத்தார். மூடிய பெட்டிக்குள் மாணவன் இருப்பான். வெளியே மேசையில் பயிற்றுநர் இருப்பார். அதே கருவிகள் அவர் முன்னாலும் இருக்கும். மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் மூன்று சில்லுள்ள சிறு கருவி ஒன்று ஊர்ந்து, மாணவன் "பறந்த" பாதையைக் கோடாக வரையும். அதற்கு 'நண்டு' என்று பெயர். பயிற்சி முடிந்து மாணவன் வெளியே வந்ததும் இருவரும் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். எங்கே வழி தவறியது, அந்த நேரம் மனதில் என்ன நினைத்தாய் என்று பயிற்றுநர் கேட்பார். நாம் கொப்பியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பது போலத்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 10,000 லிங்க் இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான வான்படையினர் அவற்றில் பயின்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் 'வேவ்ஸ்' என்ற பெண்கள் பிரிவைச் சேர்ந்த பலர் பயிற்றுநர்களாக இருந்தார்கள். போருக்குப் போய்ப் பறந்திராத பெண்கள், போருக்குப் பறக்கப் போகும் ஆண்களுக்கு உயிர் தப்பும் வழியைக் கற்பித்தார்கள். குண்டுவீச்சு விமானக் குழுக்களுக்காக 45 அடி உயரக் கோபுரம் ஒன்றையும் லிங்க் அமைத்தார். அதன் கூரையில் செயற்கை நட்சத்திரங்கள் நகரும். விமானி, வழிகாட்டி, குண்டுவீசுபவர் எல்லோரும் ஒன்றாக இருந்து, நட்சத்திரம் பார்த்துக் கடல் கடக்கப் பழகினார்கள். தனி மனிதனுக்கான பாடம் குழுவுக்கான பாடமாக மாறியது.

இன்று துருத்தியின் இடத்தில் கணினி வந்துவிட்டது. பயிற்றுநரின் வேலை மாறவில்லை. பயிற்சிக்கு முன் விளக்குவார். நடுவில் சொல்லாமல் ஒரு என்ஜினை நிறுத்துவார், தீ வைப்பார், ஒரு கருவியைப் பிழையாகக் காட்ட வைப்பார். தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். முடிந்த பிறகு இருந்து பேசுவார். பாதிப் பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

நம் மலைக்கு மீண்டும் வருவோம். இங்கே விபத்து நடப்பதற்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1இல், அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனுக்கு அருகே இன்னொரு விமானம் இதேபோல் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதையடுத்து, தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு, கருவி மட்டும் போதாது என்பதும் தெளிவானது. 1979இல் நாசா நடத்திய கலந்துரையாடலில், விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் பேசும் முறையே பயிற்சியாக வேண்டும் என்று பேசப்பட்டது. பின்னர் இராணுவ விமானக் குழுக்களும் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டன. தலைமை விமானி பிழை விட்டால், இளையவர் வாய் திறந்து "சேர், இது சரியில்லை" என்று சொல்கிறாரா என்பதையும் பயிற்றுநர் இப்போது கவனிக்கிறார்.

ஆசிரியர்களாகிய நாம் இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நம் வகுப்பில் பிழை விடும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? சிரிப்பும் ஏச்சும்தானே? அதனால் பிள்ளை பிழையை மறைக்கப் பழகுகிறது. "சேர், நீங்கள் கரும்பலகையில் எழுதியது பிழை" என்று சொல்ல எத்தனை பிள்ளைகளுக்குத் தைரியம் உண்டு? வகுப்பறையில் விடும் பிழைக்கு விலை ஒரு புள்ளிதான். அங்கே திருத்தாத பழக்கம் பின்னாளில் ஒரு லொறியின் ஸ்டியரிங்கிலோ, வைத்தியசாலையிலோ, விமானத்திலோ உயிரை விலையாகக் கேட்கலாம்.

அந்த 182 பேரும் அல்லாஹ்வின் வீட்டைத் தேடிப் புறப்பட்டு, நம் மலையில் நின்றுபோனார்கள். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் நம் விருந்தாளிகள். இறைவன் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அவர்களோடு போன ஊழியர்களின் குடும்பங்களையும் நினைத்துக்கொள்வோம்.

ஒரு வேண்டுகோள். அந்த இரவை நேரில் கண்ட பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பேச வைத்து, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை "மலை எப்படித் தெரியாமல் போனது?" என்று கேட்டால், அதட்டி உட்கார வைக்காதீர்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு நாலு பேரைக் காப்பாற்றும்.