அரக்க உடைக்குள் ஒரு மனிதன்

வெண்திரையிலே பேருருவம் கொண்ட ஒரு விலங்கு எழுந்து நகரங்களை மிதித்து நொறுக்கும்போது, காண்போர் முதலில் அஞ்சுவர், பின்னர் வியப்பர். அவ்விலங்கின் வயிற்றுக்குள்ளே வியர்வையில் நனைந்து, மூச்சுத் திணறி நிற்கும் மனிதனை நினைப்போர் மிகச் சிலரே. திரைப்படத்தின் சரித்திரத்தில் அம்மனிதனுக்கும் ஓர் இடமுண்டு.

1954 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1 ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிகினித் தீவுகளில் அமெரிக்கர் ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தனர். அதன் நச்சுச் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மீது படிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் அவ்வாண்டு செப்ரெம்பரில் உயிர்நீத்தார். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் மறவாத யப்பானிய மக்களின் நெஞ்சில் பழைய அச்சம் மீண்டும் கிளர்ந்தெழுந்தது. அவ்வச்சத்துக்கு உருவங் கொடுத்தது, தோஹோ நிறுவனம் தயாரித்து அதே ஆண்டு நவம்பர் 3 ஆந் திகதி வெளியிட்ட ‘கொஜிரா’ என்னும் படம். ஐதரசன் குண்டினால் துயில் கலைந்து, கடலிலிருந்து எழும் ஆதிகால விலங்கின் கதை அது. மேல்நாட்டார் அவ்விலங்கைக் கொட்சில்லா என்பர்.

படத்தை நெறிப்படுத்தியவர் இஷிரோ ஹொண்டா. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. 1933 இல் வெளிவந்த ‘கிங்கொங்’ என்னும் அமெரிக்கப் படத்திலே, சிறு பொம்மையை இம்மியிம்மியாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, குரங்குக்கு உயிரூட்டியிருந்தனர். அம்முறையில் சுபுராயாவுக்குப் பெரும் மோகம் இருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய காலமும் பொருளும் அவர் கையில் இல்லை. ஆகவே, சிற்றுருவில் ஒரு தோக்கியோ நகரை அமைத்து, விலங்கின் உடையணிந்த மனிதனொருவனை அதனிடையே நடக்கவிடுவதெனத் தீர்மானித்தார். பொம்மை தாங்கவேண்டிய பாரம் இவ்வாறு மனிதன்மேல் வந்து இறங்கியது.

அம்மனிதர் ஹருவோ நகஜிமா. 1929 இல் பிறந்தவர். அப்போது வயது 25. ‘ஏழு சாமுராய்கள்’ படத்திலே கொள்ளையர் கூட்டத்தில் ஒருவராக நடித்தவர். விலங்கின் நடையைக் கற்பதற்காகத் தோக்கியோவிலுள்ள உவேனோ மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்று யானையையும் கரடியையும் கவனித்து வந்தார். நடையைக் கற்பது எளிதாயிற்று. உடையைச் சுமப்பதே அரிதாயிற்று.

மூங்கிலாலும் கம்பியாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் துணியும் றப்பரும் போர்த்தி அவ்வுடையை உருவாக்கினர். முதலாவது உடையின் நிறை ஏறக்குறைய 100 கிலோகிராம். இறாத்தற் கணக்கில் 220. அதனை அணிந்து பத்து மீற்றர் தூரம் நடப்பதே பெரும்பாடாயிற்று. ஈற்றில் அதனை இரண்டாக வெட்டி, உடலின் ஒரு பகுதி மட்டும் தோன்றும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, நிறை குறைந்த வேறோர் உடையைச் செய்தனர். அதுவும் காற்றுப் புகாததே.

இவற்றோடு வேறொரு தொல்லையும் சேர்ந்தது. விலங்கு பேருருவம் உடையதாகத் தோன்றவேண்டுமாயின் அதன் அசைவு நிதானமாக இருத்தல் வேண்டும். அதற்காக, செக்கனுக்கு 24 படங்கள் என்னும் வழக்கமான அளவை விடுத்து, அதனினும் மிக்க வேகத்தில் படம்பிடித்தனர். வேகம் கூடக்கூட ஒவ்வொரு படத்திலும் விழும் ஒளி குறையும். அக்குறையை நிரப்ப மேலும் மேலும் விளக்குகளை ஏற்றவேண்டும். கோடையின் வெம்மை, விளக்குகளின் அனல், றப்பரின் அடைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே நகஜிமாவைச் சூழ்ந்தன. படப்பிடிப்பு முடிந்ததும் உடையிலிருந்து வியர்வையைக் கோப்பை கோப்பையாக வடித்து ஊற்றினார்கள். அவரும் உடல் மெலிந்து, பலமுறை மயக்கமுற்றார்.

இதன் காரணத்தை உடற்றொழிலியல் தெளிவாக எடுத்துரைக்கின்றது. தசைகள் செலவிடும் சக்தியில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாத அளவு வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பத்தைப் போக்க உடல் கையாளும் முதன்மையான உபாயம் வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியாகுமாயின், ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு அகலும். ஆனால் மூடிய உடைக்குள்ளிருக்கும் காற்று விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதன்பின் வியர்வை ஆவியாவதில்லை, வீணே வழிந்தோடும். நீரும் உப்பும் குறையும், வெப்பமோ குறையாது. இருதயம் மேலும் வேகமாக அடிக்கும். உட்சூடு 40 பாகை சென்ரிகிரேட்டைக் கடந்து அறிவும் தடுமாறுமாயின், அந்நிலையே வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை. போதாக்குறைக்கு, முகமூடிக்குள் தான் வெளிவிட்ட காபனீரொட்சைட்டையே மனிதன் மீண்டும் சுவாசிக்க நேரும். தலைவலியும் மயக்கமும் அதனால் விளைவன.

நகஜிமா 1972 வரை பன்னிரண்டு படங்களில் அவ்விலங்காக நடித்தார். 2017 ஆம் ஆண்டு தமது 88 ஆவது வயதில் காலமானார். அவருக்குப் பின், 1984 முதல் 1995 வரை ஏழு படங்களில் அப்பாத்திரத்தை ஏற்றவர் கென்பாச்சிரோ சற்சுமா. வேறொருவரின் அளவுக்குத் தைத்த, 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட உடையொன்றை அவர் முதலிற் சுமக்க நேர்ந்தது. 1995 ஆம் ஆண்டுப் படத்திலோ, விலங்கின் உடலிலிருந்து ஆவி எழுவதாகக் காட்டக் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தினர். அதனைச் சுவாசித்து அவர் பலமுறை மயங்கி வீழ்ந்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் நடிகன் படும் பாடு தீரவில்லை.

இன்று இத்தகைய உடைகள் திரைப்படத்தோடு நின்றுவிடவில்லை. விளையாட்டரங்குகளிலும் திருவிழாக்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் சிறுவரை மகிழ்விக்கும் கரடியும் முயலும் உலவுகின்றன. யப்பானிலே குமமொட்டோ மாநிலம் 2010 இல் அறிமுகஞ் செய்த ‘குமமொன்’ என்னும் கருங்கரடி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதே நாட்டில், 2019 ஆம் ஆண்டு யூலை மாத மாலைப்பொழுதொன்றில், ஒசாகாவுக்கு அண்மையிலுள்ள ஹிராகட்டா நகரப் பூங்காவில், அத்தகைய உடையணிந்து நடன ஒத்திகை செய்த 28 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்கினால் மாண்டார். ஒத்திகை நீடித்தது ஏறக்குறைய இருபது நிமிடங்களே. நண்பகல் வெயில் இல்லாமலே, நீண்ட நேர உழைப்பும் இல்லாமலே, மூடிய உடை ஓர் உயிரைக் கவர்ந்துவிட்டது.

இத்தகைய மரணங்களைத் தடுக்கும் வழிகள் அரியன அல்ல. உடை அணியும் நேரத்தைச் சுருக்குதல், இடையிடையே முகமூடியைக் கழற்றிக் காற்றாடவிடுதல், தாகம் எழுமுன்னரே நீர் அருந்துதல், வெம்மை மிக்க நாளில் பணியை நிறுத்துதல், உடன் ஒருவர் நின்று கண்காணித்தல் ஆகியவற்றால் பெரும்பாலான ஆபத்துக்களை அகற்றலாம். உடைக்குள் இருப்பவரின் முகம் வெளுப்பதும் கண் சொருகுவதும் வெளியே தெரியா. உதவி கேட்கும் குரலும் றப்பருக்குள் அடங்கிவிடும். எனவே, அவரைக் காக்கும் கடமை வெளியே நிற்பவர்களுடையது. களைத்தவன் தானே சொல்லட்டும் எனக் காத்திருப்பது, அக்கடமையிலிருந்து தவறுவதேயாகும்.