தலையில் பட்டை இல்லாத பூச்சி

நெல் விளையும் ஊர்களில் மாலையில் விளக்கைப் போட்டால் போதும், சின்னச் சின்னப் பச்சைப் பூச்சிகள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொடப் போனால் தத்திக்கொண்டு ஓடும். அதனால்தான் அதற்குப் பச்சைத் தத்துப்பூச்சி என்று பெயர். நீளம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். ஆனால் இந்தப் பூச்சியின் அறிவியல் பெயரை ஒழுங்குபடுத்த நூறு வருடத்துக்கு மேல் ஆனது என்றால் நம்புவீர்களா?

குழப்பத்துக்குக் காரணம், அது ஒரே பூச்சி அல்ல. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் பல இனங்கள். 1870-ல் ஸ்டால் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிலிப்பைன்ஸ் பூச்சிகளைப் பற்றி எழுதியபோது ஒன்றுக்கு 'நைக்ரோபிக்டஸ்' என்று பெயர் வைத்தார். கறுப்புத் தீட்டியது என்று அர்த்தம். 1896-ல் அமெரிக்கரான யூலர் ஜப்பான் பூச்சி ஒன்றுக்கு 'சிங்க்டிசெப்ஸ்' என்று பெயரிட்டார். தலையில் பட்டை கட்டியது என்று பொருள். 1902-ல் ஜப்பானியரான மாட்சுமுரா 'நெஃபோடெட்டிக்ஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். 1908-ல் டிஸ்டன்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் பற்றிய நூல் வரிசையில் 'வைரெசென்ஸ்' என்ற இனத்தை விவரித்தார். பசுமையானது என்று அர்த்தம்.

இவ்வளவு பெயர்கள் இருந்தும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'பைபங்க்டேட்டஸ்', 'அபிகாலிஸ்' என்ற இரண்டு பழைய பெயர்களே புழங்கின. ஒருவர் பைபங்க்டேட்டஸ் என்று எழுதினால் அவர் எந்தப் பூச்சியைப் பார்த்து எழுதினார் என்று அடுத்தவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு வாடிக்கையாளர்களின் வரவு செலவை ஒரே பேரேட்டுக் கணக்கில் எழுதினால் என்ன ஆகும்? யார் பாக்கி வைத்தார் என்றே தெரியாது. அதுதான் இங்கேயும் நடந்தது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டிய அவசரம் 1960-களில் வந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் துங்ரோ என்ற நோயை ஆராய்ந்தார்கள். இந்த நோய் வந்தால் பயிர் குட்டையாகிவிடும், இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும், மணி பிடிக்காது. அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி என்று ரிவேராவும் ஓவும் 1965-ல் எழுதினார்கள். வைரஸ் தாக்கிய பயிரைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பரப்பும் பூச்சியைத் தடுக்க வேண்டும், அல்லது எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தைப் போட வேண்டும். அப்படியானால் எந்தப் பச்சைப் பூச்சி?

நல்ல வேளையாக, 1964-ல்தான் இஷிஹாரா என்ற ஜப்பானியர் இந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதியிருந்தார். தலையில் கறுப்புப் பட்டை இல்லாத பூச்சியைத் தனியாகப் பிரித்து 'இம்பிக்டிசெப்ஸ்' என்று பெயர் வைத்தார். தீட்டாத தலை என்று பொருள். துங்ரோவை மிக நன்றாகப் பரப்புவது இதுதான். பட்டை உள்ள நைக்ரோபிக்டஸ் புற்களிலும் அதிகம் வாழும். துங்ரோவைப் பரப்புவதில் அது மிகவும் பின்தங்கியது.

அடையாளம் காண்பது எப்படி? முதலில் தலை உச்சியைப் பார்க்க வேண்டும். விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருந்தால் நைக்ரோபிக்டஸ், இல்லாவிட்டால் மற்றது. பிறகு முன் இறக்கையின் கரும்புள்ளி. நைக்ரோபிக்டஸில் அது இறக்கையின் உட்புறம் ஓடும் மடிப்புக் கோட்டைத் தொடும், மற்றதில் தொடாது. ஆனால் இந்தக் கறுப்பு பூச்சிக்குப் பூச்சி கூடும், குறையும். பெண் பூச்சிகளில் புள்ளியே இல்லாமலும் போகும். அதனால் சந்தேகம் வந்தால் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்து, அதிலுள்ள முட்களைப் பார்ப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது பார்த்த பூச்சியை அருங்காட்சியகத்தில் பாதுகாப்பார்கள். அதற்கு மூல மாதிரி என்று பெயர். கௌரி என்ற ஆய்வாளர் அந்த மூல மாதிரிகளின் அடிப்படையில் 1971-ல் மறுபடியும் ஒரு திருத்தம் வெளியிட்டார். இஷிஹாராவின் இம்பிக்டிசெப்ஸும் 1908-ல் டிஸ்டன்ட் விவரித்த வைரெசென்ஸும் ஒன்றே என்று ஆனது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. எனவே 'தீட்டாத தலை' என்ற பொருத்தமான பெயர் போய், 'பசுமையானது' நிலைத்தது. அபிகாலிஸ் என்று அழைக்கப்பட்டது நைக்ரோபிக்டஸ் ஆனது.

பெயர் மாறினாலும் இஷிஹாரா கண்ட வித்தியாசம் மாறவில்லை. விளக்குப் பொறியில் விழுந்த நூறு பச்சைப் பூச்சிகளை ஒன்றாக எண்ணினால் அந்த எண்ணிக்கை விவசாயிக்கு எதையும் சொல்லாது. அவற்றில் எத்தனை தலைகளில் பட்டை இல்லை என்று பார்த்தால்தான் வயலுக்கு வரப்போகும் ஆபத்து தெரியும்.