ஜாங்கும் என்றொரு மருத்துவச்சி: அரச ஆவணமும் தொலைக்காட்சித் தொடரும்

1392இல் தொடங்கி ஐந்து நூற்றாண்டுக் காலம் கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் அரச நடவடிக்கைக் குறிப்புகளில் ஜாங்கும் என்கிற பெயர் ஏறத்தாழ பத்து இடங்களில் வருகிறது. முதல் குறிப்பு 1515ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கடைசி 1544. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் ஒரு பக்கம் தேறாது. இந்த ஒரு பக்கத்திலிருந்துதான் 2003 செப்டம்பரிலிருந்து 2004 மார்ச் வரை எம்.பி.சி. தொலைக்காட்சி 54 பாகங்கள் கொண்ட ‘தே ஜாங்கும்’ தொடரை ஒளிபரப்பியது. லீ பியுங்-ஹூன் இயக்கம், கிம் யங்-ஹியுன் எழுத்து, ஜாங்குமாக லீ யங்-ஏ. ஹாங்காங்கிலும் ஈரானிலும் அது ஓடிய நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின என்று சொல்லப்படுவது மிகையாகவே இருந்தாலும், அந்த மிகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அந்த 54 பாகங்களையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்த ரசிகன் என்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். வெகுசனக் கலை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அறிவுஜீவித்தனம் எனக்கு உடன்பாடில்லை. அதேசமயம், பார்த்து அழுதுவிட்டு எழுந்து போய்விடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்த ஒரு பக்கத்துக்கும் 54 பாகங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது? இட்டு நிரப்பப்பட்டது எது, அழிக்கப்பட்டது எது? கேள்வி இதுதான்.

முதலில் ஆவணம். ஜோசன் அரசவையில் வரலாற்று எழுத்தர்கள் அரசர் பேசுவதையும் செய்வதையும் அன்றாடம் எழுதிவைத்தார்கள். அந்தக் கரட்டுக் குறிப்பை அரசரே கேட்டாலும் காட்டக் கூடாது என்பது விதி. 1404இல் டேஜோங் அரசர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் அவர் சொன்னது, இது எழுத்தருக்குத் தெரிய வேண்டாம் என்பது. எழுத்தர் அவர் விழுந்ததையும் எழுதினார், தெரிய வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினார். அதிகாரத்துக்கு முன்னால் மண்டியிடாத பேனா என்று இதைக் கொண்டாடுவது வழக்கம். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் மண்டியிடாத அந்தப் பேனா யாரைப் பற்றி எழுதியது, யாரைப் பற்றி எழுதவே இல்லை என்றும் கேட்க வேண்டாமா? அரசர் குதிரையிலிருந்து விழுந்தால் செய்தி. குதிரைக்குப் புல் அறுத்தவன் செத்தாலும் செய்தி இல்லை.

ஜாங்கும் எப்போதெல்லாம் ஆவணத்துக்குள் வருகிறாள் என்று பாருங்கள். 1515இல் ஜுங்ஜோங் அரசரின் மனைவி ஜாங்கியோங் ராணி, பட்டத்து இளவரசனைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோகிறாள். மருத்துவம் பார்த்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் நெருக்குகிறார்கள். பிரசவத்தில் ஜாங்கும் நல்ல பணி செய்தவள், பெரிய பரிசு கிடைத்திருக்க வேண்டியவள், ராணி இறந்ததால் அது கிடைக்காமல் போயிற்று என்ற பொருளில் அரசர் பதில் சொல்லித் தடியடியைத் தண்டத்தொகையாக மாற்றுகிறார். அதாவது, வரலாற்றுக்குள் ஜாங்குமின் முதல் நுழைவே குற்றஞ்சாட்டப்பட்டவளாகத்தான். 1522இல் அரசரின் தாய் நோயிலிருந்து தேறியபோது பரிசாக அரிசியும் அவரையும். 1524இல் அவள் கைத்திறன் மற்றவர்களைவிட மேல் என்பதால் முழுப்படி. 1533இல் அரசர் குணமானதற்கு மீண்டும் தானியம். கடைசியாக 1544இல், சாகக் கிடக்கும் அரசர் தன் நோய் இன்னதென்று மருத்துவச்சிக்குத் தெரியும் என்கிற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஆண்டே அரசர் இறக்கிறார். அதோடு ஜாங்கும் காணாமல் போகிறாள். எங்கே போனாள், தண்டிக்கப்பட்டாளா, எப்போது செத்தாள்? ஒன்றும் இல்லை. அரச உடம்பில் நோய் இருந்தவரைக்கும் அவளுக்கு வரலாறு இருந்தது. நோயாளி போனதும் வரலாறும் போயிற்று.

விளிம்புநிலை மக்களுக்கு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் இடம் இப்படிப்பட்டதுதான். வங்காளத்தில் 1849இல் கருக்கலைப்பு மருந்தால் இறந்த சந்திரா என்கிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைப் பற்றி ரணஜித் குஹா 1987இல் எழுதிய கட்டுரை ஞாபகத்துக்கு வருகிறது. சட்டத்தின் கண்ணில் குற்றமாகப் பட்டதால் மட்டுமே அந்தச் சாவு காகிதத்தில் பதிவாயிற்று. சந்திராவுக்குக் காவல்துறை, ஜாங்குமுக்கு அரசரின் வயிற்றுவலி.

மருத்துவச்சி என்று நான் எழுதுவது கொரிய மொழியில் ‘உயின்யோ’. நம் வழக்கில் மருத்துவச்சி என்றால் பிரசவம் பார்ப்பவள். உயின்யோ அதோடு நாடி பார்த்தாள், ஊசி குத்தினாள், மருந்தும் தெரிந்து வைத்திருந்தாள். 1406இல் இந்த ஏற்பாடு தொடங்கியது. மேல்குடிப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மறுத்துச் சாகிறார்கள் என்பது காரணம். அதற்கு அரசு கண்ட தீர்வைக் கவனியுங்கள்: அரசாங்க அடிமைகளின் பெண் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து வைத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். உயர்குடிப் பெண்ணின் கற்பொழுக்கத்தைக் காப்பாற்ற அடிமைப் பெண்ணின் கை. அந்தக் கைக்கு ஒழுக்கம் பற்றிய கவலை யாருக்கும் இல்லை. 1494இலிருந்து 1506வரை ஆண்ட யோன்சான் இதே மருத்துவச்சிகளை அலங்காரம் செய்துகொண்டு விருந்துகளுக்கு வரச்சொன்னான். ‘மருந்தறை கீசேங்’, அதாவது மருந்தறைத் தாசி என்கிற பட்டப்பெயர் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

இனி தொடருக்கு வருவோம். ஜாங்குமை முதலில் சமையற்கட்டில் கொண்டுபோய் வைக்கிறது தொடர். அவள் சமைத்தாள் என்பதற்கு ஆவணத்தில் ஒரு சொல்கூட இல்லை. அரண்மனைச் சமையலில் பெரும்பகுதி ஆண் சமையல்காரர்கள் கையில்தான் இருந்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் தொடரின் மிகச் சிறந்த பகுதி அந்தச் சமையற்கட்டுதான் என்று தயங்காமல் சொல்வேன். சிறுமி ஜாங்குமிடம் ஹன் சங்குங் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கொண்டுவந்தால் மறுநாளும் அதையே கேட்கிறார். என்ன செய்தாலும் திருப்தி இல்லை. ஒருநாள் குழந்தை திருப்பிக் கேட்கிறது: வயிறு சரியாக இருக்கிறதா, தொண்டை வலிக்கிறதா? கேட்டுவிட்டு அதற்கேற்ற தண்ணீரைக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான் பாடம். குடிப்பவரின் உடம்பை அறியாமல் கொடுக்கிற எதுவும் உணவு இல்லை. இன்னொரு காட்சியில், பதார்த்தத்தில் இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்ற கேள்விக்கு, கனிந்த பெர்சிமன் பழம் என்கிறாள் சிறுமி. எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்த ருசி இருந்ததால் சொன்னேன், வேறென்ன காரணம் சொல்வது என்று விழிக்கிறாள். ஏட்டறிவுக்கு வெளியே கையிலும் நாக்கிலும் குடியிருக்கும் ஓர் அறிவை இவ்வளவு எளிமையாக ஒரு தொலைக்காட்சித் தொடர் காட்டிவிட்டதே என்று அசந்துபோனேன். ஆவணம் எழுதாமல் விட்ட உழைப்பைக் கற்பனை எழுதுகிறது. இது பொய் இல்லை, ஒருவகை ஈடு.

ஆனால் இதே தொடர் வேறொரு காரியமும் செய்கிறது. அங்கேதான் ரசிகன் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

ஆவணத்து ஜாங்குமுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் கிடையாது. தொடர் அவளுக்கு ‘சோ’ என்று ஒரு குடும்பப் பெயர் கொடுக்கிறது. தகப்பன் அரண்மனைக் காவற்படை அதிகாரி. யோன்சானின் தாய்க்கு 1482இல் நஞ்சு கொண்டுபோன குழுவில் இருந்ததால் தலைமறைவாகி, கசாப்புத் தொழில் செய்யும் ‘பேக்ஜோங்’ எனப்பட்ட தீண்டத்தகாதோராக வேஷம் போட்டு வாழ்கிறார். வேஷம் என்பதைக் கவனியுங்கள். என் அப்பா பேக்ஜோங் இல்லை, அரசாங்க வீரர் என்று குழந்தை ஊர் நடுவே உரக்கச் சொல்கிற அந்த நிமிஷத்தில்தான் அவர் பிடிபடுகிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் குழந்தைக்காக உருகுகிறோம். எதற்காக உருகுகிறோம்? இழிவு சுமத்தப்பட்டதற்காகவா, அல்லது இழிவுக்கு உரியவள் அல்லாத ஒருத்திமேல் சுமத்தப்பட்டதற்காகவா?

பின்னால் ஜாங்கும் அடிமை ஆவதும் இதே தர்க்கத்தில்தான். கந்தகம் ஊட்டி வளர்த்த வாத்து விவகாரத்தில் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு ஜேஜு தீவுக்கு அரசாங்க அடிமையாக அனுப்பப்படுகிறாள். போகும் வழியில் ஹன் சங்குங் அவள் முதுகிலேயே உயிரை விடுகிறார். கல்லும் கரையும் காட்சி அது. அடிமையானதால்தான் மருத்துவச்சி ஆகும் வழி திறக்கிறது. ஆக, வரலாற்றில் பிறப்பாலேயே அடிமையாக இருந்த ஒரு வர்க்கத்தின் தொழில், தொடரில் அநியாயமாக வீழ்ந்த ஒருத்தியின் சோதனைக் கட்டமாக உருமாறுகிறது. ‘அநியாயமாக அடிமையானவள்’ என்கிற சொல்லுக்குள்ளேயே மற்றவர்கள் நியாயமாக அடிமையானவர்கள் என்கிற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. கருத்தியல் வேலை செய்யும் விதம் இதுதான், சத்தமே கேட்காது.

ஜேஜுவில் அவளுக்கு வைத்தியம் கற்றுத்தரும் ஜாங்டோக் கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முரட்டுப் பேச்சு, யாருக்கும் அஞ்சாத நடை. எனக்குப் பிடித்த பாத்திரங்களில் ஒன்று. ஜாங்டோக் என்று நிஜமாகவே ஒருத்தி இருந்தாள். ஜேஜுக்காரி, பல், கண், மூக்கு நோய்களைத் தீர்ப்பதில் பெயர்பெற்றவள். ஆனால் 1488லேயே அவள் உயிரோடு இல்லை. தொடர் அவளைப் பல பத்தாண்டுகள் பின்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதுகூடப் பெரிய விஷயமில்லை. அவளிடம் கற்றவள் க்விகும் என்கிற அடிமைப் பெண். 1492இல், உன் வித்தையை மற்றவர்களுக்கு ஏன் முழுசாகச் சொல்லித்தரவில்லை என்று கேட்டு அரசு இவளை விசாரணைக்கு இழுக்கிறது. சித்திரவதை மிரட்டலும் உண்டு. ஏழு வயதிலிருந்து பதினாறு வயதுவரை கற்றது இது, நான் மறைக்கவில்லை, மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை என்று அவள் பதில் சொன்னதாகப் பதிவு. உடம்பு மட்டுமல்ல, அந்த உடம்பு கற்ற அறிவும் அரசின் உடைமை. குரு சிஷ்யை அன்பின் இடமாகத் தொடர் காட்டுகிற ஜேஜுவில் ஆவணம் காட்டுவது அறிவைப் பறிக்கிற விசாரணையை. இந்தக் காட்சியைத் தொடர் எடுத்திருந்தால்? எடுக்கவில்லை.

தலைப்பில் உள்ள ‘தே’ என்கிற சொல்லும் சும்மா இல்லை. ‘மகத்தான ஜாங்கும்’ என்பது தொடரின் பொருள். அரசர் பதவி உயர்த்திக் கொடுக்கும் பட்டம். 1524 குறிப்பில்தான் இந்த முன்னொட்டு வருகிறது. அதற்குப் ‘பெரிய’ என்று மட்டும் பொருள்கொண்டு, அதே பெயருள்ள இன்னொரு மருத்துவச்சியிடமிருந்து வேறுபடுத்தச் சொன்னது, நம்மூரில் பெரிய முனியம்மா, சின்ன முனியம்மா என்பது மாதிரி, என்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அப்படியானால் இரண்டு ஜாங்கும்கள் இருந்திருக்கலாம். அரசுக்கு அடையாளம் காட்டத் தேவைப்பட்ட ஓர் அடைமொழி நமக்குப் பட்டமாகிவிட்டது.

இப்படி ஒரு ஜாங்கும் 2003இல் ஏன் தேவைப்பட்டாள்? அரச நடவடிக்கைக் குறிப்புகள் செஞ்சீனத்திலிருந்து இன்றைய கொரிய மொழிக்கு முழுமையாகப் பெயர்க்கப்பட்டது 1993இல். அதன்பின் தொலைக்காட்சிக்காரர்கள் ராஜாக்களை விட்டு வைத்தியர், வியாபாரி என்று தேடத் தொடங்கினார்கள். லீ பியுங்-ஹூனே 1999இல் ‘ஹோ ஜுன்’ என்ற வைத்தியரின் கதையைத் தொடராக்கிப் பெரும் வெற்றி கண்டவர். ஹோ ஜுன் 1610இல் முடித்த மருத்துவ நூல் இன்றும் கையில் இருக்கிறது. ஜாங்கும் ஓர் எழுத்தும் விட்டுச்செல்லவில்லை. 1997 பொருளாதாரச் சரிவில் வேலையிழந்த சமூகத்துக்கு, விழுந்தாலும் திறமையால் எழுந்துவிடலாம் என்கிற கதையாடல் ஆறுதலாக இருந்திருக்கும் என்பது என் வாசிப்பு. இன்னொன்று, ஆணைக் குடும்பத் தலைவனாக வைத்துப் பெண்களை அவன் பதிவேட்டுக்குக் கீழ் எழுதும் ‘ஹோஜு’ முறைக்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2008இல் முறை ஒழிந்தது. ஆண்களின் பதிவேட்டில் ஒரு பெண் தன் பெயரை எழுதவைத்த கதையை அந்த வருடங்களில் கொரியப் பெண்கள் ஏன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே தொடர் பொய், ஆவணம் மெய் என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமில்லை. இரண்டும் பிரதிகள். ஒன்று அரசனின் உடம்பை மையமாக வைத்து மற்றவர்களை ஓரத்தில் எழுதியது; இன்னொன்று ஒருத்தியை மையத்துக்குக் கொண்டுவந்து, அவளைப் போன்ற மற்றவர்களை ஓரத்துக்குத் தள்ளியது.

மறுபடி 1522ஆம் ஆண்டுக் குறிப்புக்குப் போவோம். அரசரின் தாயைக் குணப்படுத்தியதற்குப் பரிசு பெற்ற மருத்துவச்சிகள் இரண்டு பேர்: சின்பி, ஜாங்கும். சின்பியின் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஆளுக்குப் பத்து ‘சோக்’ அரிசி, பத்து ‘சோக்’ அவரை; ஒரு மணி கூடவோ குறையவோ இல்லை. தொடரில் சின்பி வருகிறாள். சாந்தமான முகம், நல்ல சிநேகிதி, ஜாங்கும் பேசும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவள். அரசாங்கக் கணக்குப்பிள்ளை இரண்டு அடிமைப் பெண்களுக்கும் ஒரே அளவு தானியம்தான் அளந்தான். வித்தியாசம் வைத்தது நாம்.