ஒருவழிப் பேச்சு

நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்த நேரம், 2011. என் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, நம்மூர் வழக்கில் சொன்னால் ‘சொல்தா’வாகி, துலோன் நகரத்திலேயே தங்கிவிட்டவர். அந்த வருடம் படுத்த படுக்கையாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசலாமே என்று அண்ணன் மகன் இணையத் தொலைபேசிப் பெட்டி ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தான். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. ரௌட்டரில் செருகி, வீட்டுத் தொலைபேசியை அதில் மாட்டினால் காசில்லாமல் பேசலாம்.

மணி அடித்தது. எடுத்து “அண்ணே” என்றேன். பதில் இல்லை. சற்று நேரத்தில் கைபேசியில் அண்ணன் மகன் வந்தான். “சித்தப்பா, நீங்க பேசறது அப்பாவுக்கு நல்லா கேக்குது. அப்பா பேசறது உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. நான் ஊர்க்கதை எல்லாம் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் வந்து ரௌட்டரைத் திறந்து பார்த்தான். அன்று அவன் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டு மூலையில் பச்சை விளக்கோடு கண் சிமிட்டுகிற பெட்டிக்கு ஐம்பது வருடச் சரித்திரம் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அலுவலகத்துக்கு ஒரே முகவரிதான், உள்ளே பல இருக்கைகள். தபால் பிரிவில் இருப்பவர் உறையைப் பார்த்து, இது ஏ1 இருக்கைக்கு, இது பி3 இருக்கைக்கு என்று பிரித்து அனுப்புவார். கணினியில் இருக்கை எண்ணுக்குப் பெயர் போர்ட், 65,535 வரை உண்டு. வாசலில் நிற்கும் காவலாளிதான் ஃபயர்வால். உள்ளே இருப்பவர் கேட்டு வந்த பதிலை மட்டும் விடுவார், கேட்காமல் வருவதைத் திருப்பிவிடுவார். “இந்த எண்ணுக்கு வந்தால் கேட்காமல் வந்தாலும் இன்னாரிடம் கொடு” என்று அவருக்கு நாம் கொடுக்கும் நிலையாணைதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இணையத்தைக் கட்டியவர்கள் காவலாளியை நினைத்தே பார்க்கவில்லை. 1969-இல் அமெரிக்காவில் ஆர்பாநெட் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். எந்த வேலைக்கு எந்த எண் என்ற பட்டியலை, 1972-இல் ‘நானே வைத்துக்கொள்கிறேனே’ என்று முன்வந்தவர் ஜான் போஸ்டல். 1998-இல் இறக்கும்வரை அந்தப் பதிவேடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. பதிவேடு வைத்திருப்பவன் அருமை பதிவேடு வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும்! 1995-இல் டாட்டு யூலோனென் என்ற ஃபின்லாந்து இளைஞர், பாதுகாப்பாக வேறு கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். என்ற முறையை எழுதினார். 21-ஆம் எண் எஃப்.டி.பி.க்கு, 23 டெல்நெட்டுக்கு, நடுவில் 22 காலியாக இருக்கிறதே, எனக்குத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டார். மறுநாளே எண் கிடைத்துவிட்டது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக ஒரு மாதம் ஆவதைப் பார்த்தவன் நான்.

கோப்புகளை அனுப்பும் அந்த எஃப்.டி.பி. முறையை 1971-இல் முதலில் எழுதியவர் நம் நாட்டுக்காரர், அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர்.

இனி எங்கள் பிரெஞ்சுக் கதைக்கு வருகிறேன். (பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன் இதைச் சொல்லாமல் போனால் என் பழைய வாத்தியார் மன்னிக்க மாட்டார்.) லூயி பூசேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் ‘சிக்லாத்’ என்ற வலைப்பின்னலைக் கட்டினார். ஒவ்வொரு செய்தித் துண்டும் தனித்தனி அஞ்சலட்டை போலத் தன் வழியில் போகட்டும், வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது இரு முனைகளின் வேலை, நடுவில் உள்ள வலைக்கு அந்தக் கவலை வேண்டாம் என்றார். பிரான்சின் தபால் தந்தித் துறைக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் தொலைபேசி மாதிரி முதலில் இணைப்பு, பிறகு பேச்சு என்ற வழியில் போய், 1978-இல் ‘திரான்ஸ்பாக்’ வலையைத் திறந்தார்கள். சிக்லாத்துக்குப் பணம் நின்றுபோனது. ஆனால் பூசேனின் யோசனையை அமெரிக்காவில் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் இங்கிலாந்து அரசியார் பெயரிலான பொறியியல் பரிசை அவர்களோடு பூசேனும் பெற்றார். முப்பத்தைந்து வருடம் தாமதம், பரவாயில்லை.

அண்ணனின் குரல் இந்த இடத்தில்தான் வருகிறது. செர்ஃபும் கானும் முதலில் வகுத்த டி.சி.பி. பதிவுத் தபால் மாதிரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை உண்டு, காணாமல் போனால் மறுபடி அனுப்பும். பேச்சுக்கு இது உதவாது என்றார் ஆர்பாநெட்டில் குரலை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்த டேனி கோஹன். “அண்ணே” என்பதில் “ணே” தொலைந்தால் தொலையட்டும், இரண்டு விநாடி கழித்து வந்து என்ன பயன்? அவரைப் போன்றவர்கள் வற்புறுத்தியதால் முகவரி பார்த்துக் கொண்டு சேர்க்கும் வேலை ஐ.பி. என்று தனியாகப் பிரிந்தது. ஒப்புகை கேட்காத சாதாரண அஞ்சலட்டையாக யு.டி.பி. 1980-இல் வந்தது. போஸ்டல் எழுதிய அதன் விதிமுறை மூன்றே பக்கம்.

புரோட்டோகால் என்றால் எங்கள் அலுவலகத்தில் மந்திரி வரும்போது யார் எங்கே நிற்பது என்பது. இங்கே அது டி.சி.பி.யா, யு.டி.பி.யா என்பது. போர்ட் விதியில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டி.சி.பி. 5000 வேறு, யு.டி.பி. 5000 வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு கதவுகள்.

சுவர் எழும்பியது பிறகுதான். 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதன்பின் காவலாளி கட்டாயமானார். 1994-இல் இன்னொரு மாற்றம். முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், தீர்ந்துவிடும் என்ற பயத்தில், வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் உள்ளூர் எண்கள் என்ற ஏற்பாட்டை எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். அதற்கு நாட் என்று பெயர்.

வெளியே ஒன்று, உள்ளே பல என்றானதும் பழைய முறைகள் தடுமாறின. முதலில் அடிபட்டது பூஷணின் எஃப்.டி.பி. ஏனென்றால் அது “கோப்பை இந்த முகவரிக்கு, இந்த எண்ணுக்கு அனுப்பு” என்று உறைக்கு உள்ளே, கடிதத்திலேயே எழுதுகிறது. காவலாளி உறையைத்தான் மாற்றுவார், கடிதத்தைப் படிக்க மாட்டார். 21-ஐத் திறந்துவிட்டு, உள்ளே நுழைகிறது, கோப்பு மட்டும் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். பி.பி.டி.பி. என்ற பழைய அந்தரங்கப் பாதைக்கு 1723-ஐத் திறந்தாலும் போதாது. அதன் சரக்கு ஜி.ஆர்.இ. என்ற வேறு நெறிமுறையில் வருகிறது, அதற்குப் போர்ட் எண்ணே கிடையாது.

எங்கள் வீட்டில் இரண்டு தப்பும் இருந்தன. அண்ணன் மகன் தொலைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் போட்ட விதியில், குரல் வரும் 16384 முதலான எண்கள் டி.சி.பி. கட்டத்தில் இருந்தன. தங்கை மகன் அதை யு.டி.பி. ஆக்கினான். அப்போதும் கேட்கவில்லை.

“மாமா, விதியையே நோண்டிக்கிட்டு இருக்கக் கூடாது. முதல்ல வாசலுக்குத் தபால் வருதான்னு பாக்கணும்” என்று ரௌட்டரின் பதிவேட்டைத் திறந்தான். பிரான்சிலிருந்து குரல் ஒரு துண்டுகூட வாசலுக்கே வரவில்லை. வராத தபாலை எந்த விதி கொண்டுபோய்ச் சேர்க்கும்? பிறகு எங்கள் பெட்டி அனுப்பும் அழைப்புச் சீட்டைப் பார்த்தான். “என் குரலை 192.168.1.5-க்கு அனுப்பவும்” என்று இருந்தது. உள்ளூர் எண். துலோனில் உள்ள பெட்டி அதை நம்பி, அங்கேயே எங்கோ சூன்யத்தில் அண்ணன் பேச்சைக் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டி வெளியே தானே போய்த் தொடர்பு வைத்திருந்ததால் மணி மட்டும் தவறாமல் அடித்தது.

வெளி முகவரியைப் பெட்டியின் அமைப்பில் எழுதினான். அடுத்த ஞாயிறு மணி அடித்தது. எடுத்தேன்.

“இத்தனை நாளா ஊமையாடா இருந்தே?” என்றார் அண்ணன். என் பேச்சுதான் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்ததே என்று சொல்லவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் நான்பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் சொன்னது சரிதான்.

மின்சாரம் போய் வந்தால் வெளி முகவரி மாறிவிடும், குரல் மறுபடி நின்றுவிடும். நான் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பழகிவிட்டேன். பதினோரு மாதம் பேசினோம். 2012-இல் அண்ணன் போய்விட்டார்.

சென்ற ஆண்டு இணைய இணைப்பை மாற்றினேன். புதிய ரௌட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்குகிறது. அப்படியிருந்தால் நம் வாசலுக்கு வெளியே கம்பெனியின் வாசல் இன்னொன்று இருக்கிறது, பல வீடுகளுக்கு ஒரே முகவரி, இங்கே என்ன விதி போட்டாலும் செல்லாது என்றான் தங்கை மகன். யாரும் கேட்கவும் இல்லை, இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். பழைய ரௌட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன், யு.டி.பி. 16384 என்ற அந்த வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி, அண்ணன் கடிதங்கள் இருக்கும் கோப்பில் வைத்தேன்.