எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரங்களில் கறை நீக்குதல்

எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரத்தின் உடம்பு இரும்பு. உணவு படும் பரப்பு கண்ணாடி. அச்சில் வார்த்த இரும்பின்மேல் கண்ணாடித் தூள் குழம்பைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் வேகவைக்க, தூள் உருகி இரும்போடு பிணைகிறது. 1925-இல் பிரான்சின் ஃப்ரெனுவா-லெ-கிராண்டில் தொடங்கிய லெ க்ரூசே ஆலை இவ்வகைக்கு உலகப் பெயர் தேடித் தந்தது. பாத்திரம் கனமாக, இரும்பு போலவே தோன்றுவதால் பலரும் அதை இரும்பாக நினைத்தே துலக்குகிறார்கள். கறை போகாமல் இருப்பதற்கும் பளபளப்பு அழிவதற்கும் முதல் காரணம் இதுதான்.

நம் வீடுகளின் துலக்கும் வழக்கம் முழுக்க உலோகத்துக்காக உருவானது. அதற்கான பண்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் தெரு, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதியவரும், 2015-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவருமான எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021) இங்கே பாத்திரக் கடை நடத்தியவர். வெண்கல உருளியும் பித்தளைக் குடமும் விற்ற தெருவிலேயே அவற்றைத் துலக்கப் புளியும் எலுமிச்சையும் கிடைத்தன.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கும். பித்தளை உடனே பளிச்சிடுவது அதனால்தான். எனாமலில் அப்படிக் கரைவதற்கு ஒன்றுமில்லை. செங்கல் பொடியும் உமிக்கரியும் இன்னும் மோசம். இவற்றிலுள்ள சிலிக்காத் துகள்கள் கண்ணாடிப் பூச்சைக் கீறக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில் அடுத்த நாள் குழம்பு போய் உட்காருகிறது. தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்த பாத்திரம் மேலும் விரைவாகக் கறை பிடிப்பது இப்படித்தான். கம்பிச் சுருளுக்கும் இது பொருந்தும். மண்ணோ மணலோ ஒட்டாத, நனைத்த தேங்காய் நார் மட்டும் பழைய பண்டங்களில் இதற்கு ஏற்றது.

நெடுநாள் புழங்கிய பாத்திரத்தில் அதிகம் காண்பது பழுப்புப் பிசுக்கு. எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷ் போல இறுகிய படலம் அது. இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய்கள் வேகமாக இறுகும். சூரியகாந்தி எண்ணெய் விடாப்பிடியாக ஒட்டுவது அதனால். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு என்பதால் அது அவ்வளவு எளிதில் இறுகாது. தேங்காய் எண்ணெயில் சமைக்கும் மலையாள, நாஞ்சில் வீடுகளுக்கு இது ஒரு வசதி.

இந்தப் பிசுக்குக்கு அமிலம் உதவாது, காரம்தான் வேண்டும். பாத்திரத்தில் கறை மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டு, சிறுதீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சூட்டில் ஆப்பசோடாவின் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக மாறி, காரம் வலுக்கிறது. அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிட்டு, மரக்கரண்டியால் மெல்லச் சுரண்டினால் படலம் பெயரும். அடிப்பிடித்த பால் பாயசமும் சர்க்கரைப் பாகும் இதே முறைக்கு இளகும். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுநாள் திரும்பச் செய்யலாம். கையின் பலத்தைக் கூட்டுவதைவிட ஊறும் நேரத்தைக் கூட்டுவதே நல்லது. சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது: இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, பூச்சு விரிசல் விடும்.

மஞ்சள் கறை வேறு வகை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். ஆப்பசோடா பட்டதும் மஞ்சள் செந்நிறமாக மாறலாம். காரத்தில் குர்குமினின் இயல்பு அது. பாத்திரம் கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். பிறகு ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூளை வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் நிறம் வெளுக்கும். அதைவிட எளிய வழி வெயில்; ஒளி பட்டால் குர்குமின் சிதையும். மழைக்காலத்தில் மட்டும் வெளுப்புத் தூளைத் தேடினால் போதும். குளோரின் கலந்த பிளீச்சை வினிகருடனோ எலுமிச்சையுடனோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

சாம்பல் நிறக் கோடுகள் கீறல்கள் அல்ல. எவர்சில்வர் கரண்டி தன் உலோகத்தை எனாமல்மேல் விட்டுச்சென்ற தடங்கள். ஆப்பசோடாவைக் களிபோலக் குழைத்து விரலால் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். சிரட்டை அகப்பைக்கு மாறிவிட்டால் திரும்ப வராது. உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்குத்தான் புளித்தண்ணீரோ நீர்த்த வினிகரோ பயன்படும். சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும், இரவெல்லாம் ஊறினால் பூச்சின் மினுக்கம் போய்விடும்.

கறுப்பு எனாமல் உட்புறம் கொண்ட பாத்திரங்களில் கறை கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவி, ஒட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பூச்சு பெயர்ந்த இடத்தில் வரும் கறுப்பு, கறையே அல்ல. வாழைப்பூ, வாழைக்காய் போன்றவற்றின் துவர்ப்புப் பொருளான டானின் அங்கே வெளிப்பட்ட இரும்போடு வினைபுரிந்து கருநிறமாகிறது. எவ்வளவு துலக்கினாலும் அடுத்த சமையலில் திரும்ப வரும். உட்புறம் அப்படிச் சிதைந்த பாத்திரத்தில், கண்ணாடிச் சில்லு உணவில் கலக்கக்கூடும் என்பதால், சமைப்பதை நிறுத்திவிட வேண்டும். பூச்சு முழுதாக இருந்து, சோடா போட்டு, வெயில் காட்டிய பின்னும் தங்கும் மெல்லிய பழுப்பு நிழலால் சமையலுக்குக் கேடில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். விளிம்பில் பூச்சில்லாத இரும்பு வளையம் இருந்தால், கழுவியதும் ஈரம் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்கத் துரு ஏறாது.